லைன்மேன் போட்ட நீலக் கேபிள்

அந்த மனிதருக்குக் காலில் சக்கரம் என்று அவர் மனைவி சொல்லாத நாளில்லை. நாற்காலியில் உட்கார்ந்தால் முழங்கால் ஆடும். கட்டிலில் படுத்தால் கட்டைவிரல் ஆடும். தொலைபேசித் துறையில் முப்பத்திரண்டு வருஷம் கம்பம் ஏறி இறங்கிய உடம்பு அது. ஓய்வு பெற்று ஆறு வருஷம் ஆகியும் தெருவில் யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தபால்காரர் முதல் எதிர்வீட்டுக் குழந்தை வரை எல்லோருக்கும் அவர் 'லைன்மேன்'தான்.

ஓய்வு அவருக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. முதல் வருஷம் வீட்டுக் கதவுகளையெல்லாம் கழற்றித் திரும்ப மாட்டினார். இரண்டாம் வருஷம், ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பிரித்துப் போட்டு, ஓடாமல் செய்தார்.

"நல்லா இருக்கறதை ரிப்பேர் பண்ற ஒரே ஆளு என் வீட்டுக்காரருதான்" என்று மனைவி பக்கத்து வீட்டில் சொல்லிச் சிரிப்பாள். அவரும் கூடவே சிரிப்பார். ஆனால் அந்தச் சிரிப்புக்குள் ஒரு முள் இருந்தது. ஒரு காலத்தில் அவர் கம்பத்தில் ஏறி நின்றால் ஒரு தெருவே அண்ணாந்து பார்த்துக் காத்திருக்கும். ஒரு மழை நாளில் ஒரு வீட்டுக்குப் போகும் அறுந்த கம்பியின் இரண்டு முனைகளையும் விரலால் சேர்த்துப் பிடித்து முறுக்கப் போனபோது, அந்த வீட்டுக்கு அழைப்பு வந்துவிட்டது. மணியடிக்கும் மின்சாரம் ஈர விரலில் சுருக்கென்று கடித்தது. அவர் விடவில்லை. யாரோ எடுத்தார்கள், யாரோ பேசினார்கள், நான்கு நிமிஷம் பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்திருந்தார். பேசியது யார், என்ன சேதி என்று இன்றுவரை அவருக்குத் தெரியாது. நல்ல சேதியாக இருக்க வேண்டுமே என்று மட்டும் வேண்டிக்கொண்டார்.

இப்போது அவரை நம்பிக் காத்திருக்க யாரும் இல்லை. அதுதான் அவரை உட்காரவிடாமல் துரத்தியது.

அப்படியிருக்கும்போதுதான் மருமகளுக்கு அந்தச் சோதனை வந்தது.

மருமகள் செய்தது அபூர்வமான வேலை. காது கேளாதவர்கள் ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டர் சொல்வதை அவர்களுக்குச் சைகையில் சொல்ல வேண்டும். அவர்கள் சைகையில் சொல்வதை டாக்டருக்குப் பேச்சில் சொல்ல வேண்டும். இதையெல்லாம் மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தபடியே செய்வாள். எங்கோ ஓர் ஊரில் ஒரு நோயாளி திரையில் அவள் கைகளையே பார்த்துக்கொண்டிருப்பார்.

அந்தக் கைகள் ஒருநாள் திரையில் உறைந்துபோயின. ஹாலில் இருந்த வைஃபை பெட்டியின் சிக்னல் கனத்த சுவர்களைத் தாண்டி மாடிக்கு ஏறுவதற்குள் மூச்சு வாங்கிவிடும். அன்றைக்கு மூச்சே நின்றுவிட்டது. மருமகள் கீழே இறங்கி வந்து, தட்டில் போட்ட சாப்பாட்டைத் தொடாமல் எழுந்து போனாள். "படம் நின்னுடுச்சு அத்தை" என்றாளே தவிர, வேறொன்றும் சொல்லவில்லை.

மறுவாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. மேஜை வரைக்கும் கேபிள் இணைப்பு இருக்க வேண்டும். மாதக் கடைசித் திங்கட்கிழமை காலை பத்து மணி முதல் மாலை ஐந்து வரை இணைப்பைச் சோதிப்பார்கள். தேறாவிட்டால் அவள் தலைமை அலுவலகத்துக்கே வந்து உட்கார வேண்டும். தலைமை அலுவலகம் இருந்தது ரயிலில் மூன்று மணி நேரத் தொலைவில்.

இரண்டு நாள் கழித்து ஒரு மாலை மாடிப்படியில் மகனும் மருமகளும் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது லைன்மேன் காதில் விழுந்தது.

"அங்க ஒரு ஃபிளாட் பார்த்து வெச்சிருக்கேன். திங்கட்கிழமை சாயங்காலத்துக்குள்ள சொன்னா சாவி கொடுத்துடுவாராம்."

"மாமாகிட்ட யாரு சொல்றது?"

"நீ சொல்லு."

"ஏன், உங்க அப்பாதானே? நீங்க சொல்லுங்க."

லைன்மேனுக்கு நெஞ்சுக்குள் ஏதோ அறுந்தது. ஒரே பிள்ளை. அவன் போய்விட்டால் இந்த வீட்டில் நான்கு அறைகளும், இரண்டு கிழங்களும், பிரிக்கப்பட்ட ஒரு மின்விசிறியும்தான் மிஞ்சும். படிக்குக் கீழே நின்றபடியே குரல் கொடுத்தார்.

"யாரும் ஒண்ணும் சொல்ல வேண்டாம். நான் போடறேன் லைன். முப்பத்திரண்டு வருஷம் ஊருக்குப் போட்டவன், என் வீட்டுக்குப் போட மாட்டேனா?"

மறுநாளே அளவு நாடாவும் கையுமாக வீட்டைச் சுற்ற ஆரம்பித்தார். கட்டம் போட்ட தாளில் வீட்டை வரைந்தார். மாடிப்படிக்கு அடியில் துடைப்பமும் பழைய பாத்திரங்களும் கிடந்த இடம் நெட்வொர்க் கேபினட்டுக்கு என்று முடிவாயிற்று. கண்ணாடிக் கதவு போட்ட இரும்புப் பெட்டி. உள்ளே இண்டர்நெட் பெட்டி, அதற்குக் கீழே லைனைப் பல அறைகளுக்குப் பிரித்துக் கொடுக்கும், எட்டுத் துளைகள் உள்ள ஸ்விட்ச், மேலே சூடு வெளியேற ஒரு குட்டி விசிறி. அங்கிருந்து ஹால், கீழ்ப் படுக்கையறை, மாடியில் மருமகள் அறை, மகன் அறை என்று நான்கு இடங்களுக்கு லைன்.

"என் துடைப்பத்தை எங்க வைக்கச் சொல்றீங்க, தலையிலயா?" என்றாள் மனைவி.

"ஒரு வாரம் பொறுத்துக்கோ. அப்புறம் பாரு இந்த வீட்டை."

"ஒவ்வொரு தடவையும் இதையேதான் சொல்றீங்க. அப்புறம் பார்த்துக்கிட்டேதான் இருக்கேன்."

சுவரை விரல் ஆழத்துக்கு வெட்டி மெல்லிய குழாய் பதித்தார். நீல நிறக் கேபிளை அதற்குள் விட்டு இழுத்தார். வீடெங்கும் புழுதி. கேபினட்டிலிருந்து ஹால், ஹாலிலிருந்து படுக்கையறை, அங்கிருந்து மாடி என்று ஒரே கேபிள், எங்கும் வெட்டாமல், ஒட்டாமல் ஓடியது. ஒவ்வோர் அறையிலும் அதன் மேல்தோலை மட்டும் உரித்து, உள்ளிருந்த எட்டு மெல்லிய கம்பிகளையும் அந்த அறையின் சாக்கெட்டில் அழுத்திவிட்டு, கேபிளை அடுத்த அறைக்குக் கொண்டுபோனார்.

"நடுவுல ஒரு ஜாயின்ட் இல்ல. பார்த்தியா?" என்று மகனிடம் மார்தட்டினார். ஒயர் என்றாலே நாலடி தள்ளி நிற்கும் மகன் பயபக்தியோடு தலையாட்டினான்.

மனைவிதான் கேபினட்டை எட்டிப் பார்த்துவிட்டுக் கேட்டாள். "இதுல எட்டு ஓட்டை இருக்கு. நீங்க ஒண்ணுலதானே மாட்டியிருக்கீங்க? மத்ததெல்லாம் எதுக்கு, காத்து வாங்கவா?"

"உனக்குத் தெரியாததுல தலையிடாதே. ஒரு லைன் நாலு ரூமையும் சுத்தி வருது. அதுக்குப் பேருதான் வேலை."

வெள்ளிக்கிழமை கொத்தனார் வந்து சுவரைப் பூசி மூடினார். சனிக்கிழமை காலை அதன் மேல் வெள்ளைப் பெயின்டும் அடித்தாயிற்று. சனிக்கிழமை மாலை மருமகள் தன் கம்ப்யூட்டரை மாடிச் சாக்கெட்டில் மாட்டித் தோழியைக் கூப்பிட்டாள். திரையில் தோழியின் முகம் பளிச்சென்று வந்தது. மருமகள் கைகளை வேகவேகமாக அசைத்தாள். திரையிலும் அதே வேகத்தில் அசைந்தன. ஓடி வந்து மாமனாரின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா! கண்ணாடியில பார்க்கற மாதிரி இருக்கு மாமா!"

ஆறு வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்த மனிதர் தலை நிமிர்ந்து நடந்தார் என்று சொல்ல வேண்டும்.

அந்த நிமிர்வுக்கு ஆயுள் ஓர் இரவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ஹாலில் மனைவி டி.வி.யைப் புதுச் சாக்கெட்டில் மாட்டிப் போட்டாள். மாடியிலிருந்து குரல் வந்தது: "மாமா, லைன் போயிடுச்சு!" டி.வி.யிலும் ஒன்றும் வரவில்லை. அவர் டி.வி.யின் ஒயரை உருவினார். "வந்துடுச்சு மாமா!" மறுபடி மாட்டினார். "திரும்பப் போயிடுச்சு!"

மூன்று முறை செய்து பார்த்தார். மூன்று முறையும் அதேதான். "ஒண்ணுமில்லம்மா, இங்க கொஞ்சம் சரி பண்றேன்" என்று மாடியைப் பார்த்துச் சொல்லிவிட்டு, வாசலுக்கு வந்து கேபிள் கடைக்காரருக்குப் போன் போட்டு விஷயத்தைச் சொன்னார்.

கடைக்காரர், "அண்ணே, ரூம் ரூமா தொட்டுக்கிட்டு ஒரே கேபிளா இழுத்தீங்களா?" என்றார்.

"ஆமா. டெலிபோனுக்கு அப்படித்தானே?"

"டெலிபோனுக்குச் சரி அண்ணே. ஒரே ஜோடிக் கம்பியில நாலு போனை மாட்டினாலும் நாலும் மணியடிக்கும். இது வேற. ஒவ்வொரு ரூமுக்கும் பெட்டியிலேருந்து தனித்தனிக் கேபிள் போகணும். அதுக்குத்தான் அந்த எட்டு ஓட்டை. ஒரே கேபிள்ல ரெண்டு பேரு பேச ஆரம்பிச்சா ரெண்டு பேரு பேச்சும் செத்துப்போகும்."

"ஒருத்தரு மட்டும் பேசினா?"

"ஓடும். ஆனா வழியில ரூமுக்கு ரூம் உரிச்சு வெச்சிருக்கீங்களே. எந்த நிமிஷம் தடுமாறும்னு யாரும் சொல்ல முடியாது. பழைய கேபிளை உருவிட்டுப் புதுசா விட முடியுமா?"

முடியாது. செலவில்லாமல் இருக்கட்டும் என்று வீட்டில் கிடந்த டெலிபோன் குழாயைத்தான் பதித்திருந்தார். மாடிப்படித் திருப்பத்தில் அது செங்குத்தாக மடங்கியது. ஒரு கேபிளை விடுவதற்கே சோப்புத் தண்ணீர் ஊற்றித் திணித்தவர் அவர்தான்.

மூச்சுவிடாமல் உள்ளே வந்தார். ஹால் சாக்கெட்டின் வாயில் கறுப்பு டேப்பை ஒட்டினார். படுக்கையறைச் சாக்கெட்டிலும் ஒட்டினார். பிறகு மகன் அறைக்குப் போய் அங்கேயும் ஒட்டினார். நாளைக்கு மாலை ஐந்து மணி வரை யாரும் தொடாமல் இருந்தால் போதும். ஏழு மணி நேரம் ஓடிவிடாதா? ஓடிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது?

"டி.வி. இன்னிக்கு வேண்டாம். நாளைக்கும் வேண்டாம்" என்றார் மனைவியிடம்.

அவள் டேப்பைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். "என்னத்தை மூடி மறைக்கறீங்க?"

"ஒண்ணுமில்ல. புதுப் பெயின்ட். தூசி போகக் கூடாதுன்னு."

"தூசியா? ஒரு வாரமா இந்த வீட்டுல தூசியைத்தானே சாப்பிட்டோம்."

அவர் கொல்லைக்குப் போனார், வாசலுக்கு வந்தார். கேபினட்டைத் திறந்தார், மூடினார். மேலே மருமகள் தன் அம்மாவிடம் போனில் பேசுவது கேட்டது: "நாளைக்கு எனக்குக் கவலையே இல்லம்மா. லைன் போட்டது யாரு? எங்க மாமா! அவரு கையில தப்பு வராது."

கையில் பிடித்திருந்த ஸ்குரூ டிரைவர் நழுவித் தரையில் விழுந்தது. யாராவது அவர் தலையில் அடித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பார். இதைத் தாங்க முடியவில்லை. மாடிப்படியில் பாதி ஏறினார், இறங்கினார். மறுபடி ஏறினார்.

மருமகள் கண்ணாடி முன் நின்று கைகளைப் பழக்கிக்கொண்டிருந்தாள்.

"ஏம்மா... நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

எதையும் மறைக்காமல் சொன்னார். டெலிபோன் மாதிரி இழுத்தது, டேப் ஒட்டியது, கடைக்காரர் சொன்னது என்று எல்லாவற்றையும். அவள் கைகள் மெல்லக் கீழே தாழ்ந்தன.

"அன்னிக்குப் படம் நின்னுச்சே, அப்ப என்ன ஆச்சுன்னு நான் யாருகிட்டயும் சொல்லல மாமா" என்றாள். "அது ஒரு பொண்ணு. முதல் பிரசவம். வயித்துல குழந்தை அசையலன்னு ஓடி வந்திருந்தா. டாக்டர் பார்த்துட்டு, குழந்தைக்கு ஆபத்து இல்லைன்னு சொன்னார். நான் 'குழந்தை'ன்னு காட்டினேன், 'ஆபத்து'ன்னு காட்டினேன். 'இல்லை'ன்னு கையை எடுக்கறதுக்குள்ள நின்னுடுச்சு. ஒன்பது நிமிஷம். ஒன்பது நிமிஷமும் அவ அந்தக் கையையேதான் பார்த்துக்கிட்டு இருந்தாளாம். லைன் திரும்ப வந்தப்போ அவ தரையில உட்கார்ந்திருந்தா."

லைன்மேன் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

"அதனாலதான் மாமா, டெஸ்ட்ல பாஸாகறது எனக்குப் பெரிசில்ல. ஒருவேளை இந்த லைன்லயே பாஸாகிட்டு, அப்புறம் ஒருநாள் நின்னுட்டா..."

அவள் முடிக்கும்வரை அவர் நிற்கவில்லை. தடதடவென்று இறங்கி ஓடினார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு மாடிப்படித் திருப்பத்துக்கு வந்தார். சத்தம் கேட்டு மனைவி ஓடி வந்தாள், மகன் ஓடி வந்தான்.

"ஐயோ, நேத்துதானே பெயின்ட் அடிச்சாங்க! உங்களுக்கென்ன பைத்தியமா?"

"தள்ளு! சுவரை உடைச்சாவது தனி லைன் விடாம இன்னிக்குச் சோறு தொட மாட்டேன்!"

"அப்பா, சுத்தியலைக் கொடுங்க!"

"விடுடா! நான் மூடினதை நானே உடைக்கறேன்!"

சுத்தியல் மேலே போனது. அந்தக் கையைப் பிடித்தது மருமகள். திருமணமாகி வந்த நான்கு வருஷத்தில் மாமனாரை எதிர்த்து ஒரு வார்த்தை பேசாதவள், இரண்டு கைகளாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"உடைச்சா நாளைக்குப் பத்து மணிக்குள்ள பூச முடியுமா மாமா? இந்தப் புழுதியில என் கம்ப்யூட்டரைத் திறக்க முடியுமா?"

"வேற என்னம்மா செய்யறது?"

"வெளியில போடுங்க. சுவர் மேலயே. பெட்டியிலேருந்து நேரா என் மேஜைக்கு."

அவர் முகம் சுருங்கியது. ஊரில் எத்தனை வீடுகளுக்கு லைன் போட்டிருப்பார்! சுவரில் ஒயர் தொங்க விட்டுப் போகிறவனை அவர் வேலைக்காரன் என்றே ஒத்துக்கொண்டதில்லை. புதுச் சுவர். வெள்ளைப் பெயின்ட். அதன் மேல் நீலக் கேபிள். வருகிறவன் போகிறவனெல்லாம் பார்ப்பான். லைன்மேன் வீட்டைப் பாரு என்பான்.

"எல்லாருக்கும் தெரியுமேம்மா" என்றார், ஒரு குழந்தையைப் போல.

"தெரியட்டும் மாமா. அந்தப் பொண்ணு தரையில உட்கார்ந்ததை விடவா?"

சுத்தியல் மெதுவாக இறங்கியது. மருமகள் அதை வாங்கி அத்தையிடம் கொடுத்தாள்.

வெயில் சாய்வதற்குள் வேலை முடிந்தது. மகன் மேலே கேபிள் சுருளைப் பிடித்துக்கொண்டான். அவர் கீழிருந்து ஒரு சாணுக்கு ஓர் ஆணிப் பிடிப்பாக அடித்துக்கொண்டே ஏறினார். சுத்தியல் இப்போது மெல்லத்தான் விழுந்தது. கேபினட்டின் இரண்டாவது துளையிலிருந்து புறப்பட்ட நீலக் கேபிள் படிச்சுவரில் ஏறி, கதவு நிலையின் மேலே ஓடி, மருமகளின் மேஜையில் முடிந்தது. எங்கும் உரிக்கவில்லை. முதல் துளையிலிருந்த பழைய கேபிளின் முனையைத் தன் கையாலேயே பிடுங்கிவிட்டார்.

"நேராத்தான் இருக்கு" என்றாள் மனைவி, தலையைச் சாய்த்துப் பார்த்து. "கோணலா இருந்தா சொல்லியிருப்பேன்."

"நீ சொல்லாம விடுவியா?"

"எட்டு ஓட்டையைப் பத்திச் சொன்னேனே, கேட்டீங்களா?"

அவர் குனிந்து கேபினட் கதவைச் சாத்தினார்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு மாடிக் கதவு சாத்தப்பட்டது. அப்புறம் அந்த வீட்டில் ஒரு மனிதர் பட்ட பாட்டை எழுதி மாளாது. படிக்கட்டின் பக்கம் பூனை வந்தால் விரட்டினார். மனைவி ஈரத் துணியோடு வந்தால் குறுக்கே நின்றார். கேபினட்டின் கண்ணாடி வழியே இரண்டாவது துளையின் பச்சை விளக்கு துடிக்கிறதா என்று ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை குனிந்து பார்த்தார்.

"அதைப் பார்த்துக்கிட்டே இருந்தா சீக்கிரம் ஓடுமா?" என்றாள் மனைவி.

"பார்க்காம இருந்தா எனக்கு மூச்சு ஓடல."

பன்னிரண்டு மணிக்குக் கதவு ஒரு கீற்றுத் திறந்திருந்தது. படியில் நின்றபடியே பார்த்தார். சைகை மொழியில் ஓரெழுத்து அவருக்குத் தெரியாது. திரையில் ஒரு முதியவர். அவரும் கையசைக்கிறார், இவளும் கையசைக்கிறாள். ஒரு கணம் அவள் கைகள் அசையாமல் நின்றன. லைன்மேனுக்கு உயிர் போய்விட்டது. மறுகணம் திரையிலிருந்த முதியவர் தோள் குலுங்கச் சிரித்தார், அவளும் சிரித்தாள். டாக்டர் பேசுவதைக் கேட்பதற்காகத்தான் அவள் நிறுத்தியிருந்தாள். நெற்றி வேர்வையைத் துடைத்துக்கொண்டு அவர் ஓசையில்லாமல் இறங்கினார்.

மூன்று மணி. நான்கு மணி. நான்கரைக்கு, வெளியே போயிருந்த மகன் போனில் கேட்டான்: "அப்பா, ஃபிளாட்காரர் ரெண்டு தடவை கூப்பிட்டுட்டாரு. என்ன சொல்லட்டும்?"

"ஐஞ்சு மணி ஆகட்டும்டா" என்றார்.

ஐந்து அடித்தது. கதவு திறக்கவில்லை. ஐந்து ஐந்து. ஐந்து பத்து. தேறவில்லை போலிருக்கிறது, மாமாவிடம் எப்படிச் சொல்வது என்று தவிக்கிறாள் போலிருக்கிறது என்று அவர் மனம் எங்கெங்கோ ஓடியது. படிக்கு அடியில் மண்டியிட்டு, கேபினட் கதவைத் திறந்து, எதையாவது செய்தாக வேண்டுமே என்று எல்லாவற்றையும் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலே கதவு திறந்தது. காலடிச் சத்தம் படியில் இறங்கி, அவர் தலைக்கு நேர் மேலே நின்றது. மருமகள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். குரல் களைத்திருந்தது, ஆனால் ஒரு சிரிப்பும் அதில் இருந்தது.

"ஆமாங்க... இல்ல, ஒரு நொடிகூட நிக்கல. கம்பெனிக்காரங்க இப்பத்தான் எழுதியே அனுப்பிச்சாங்க... அந்த ஃபிளாட்காரர்கிட்ட வேண்டாம்னு சொல்லிடுங்க. நாங்க எங்கயும் வரலன்னு சொல்லிடுங்க."

படிக்கு அடியில் அந்த மனிதர் கேபினட்டின் இரும்பு விளிம்பை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையை உள்ளே விட்டபடி அப்படியே இருந்தார். தோள் மட்டும் குலுங்கியது.

மனைவி வந்து பார்த்தாள். பக்கத்தில் உட்கார்ந்து, அவர் முதுகில் கையை வைத்தாள்.